கழன்ற தோளை நீங்களே போட்டுக்கொள்கிறீர்களா?

"கழன்றால் நானே போட்டுக்குவேன் டாக்டர், பழகிடுச்சு" என்று சிரித்துக்கொண்டேதான் அந்த இளைஞர் உட்கார்ந்தார். அவர் கையைப் பக்கவாட்டில் தூக்கி, பந்து எறியப் போகிறவரைப் போல மெல்லப் பின்னால் திருப்பினேன். சிரிப்பு போய்விட்டது, இன்னொரு கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. மறுபடி கழன்றுவிடுமோ என்ற பயம் அது. ஸ்கேனுக்கு முன்பே பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். கடைசியாகக் கழன்றது எப்போது? சட்டையைக் கழற்றும்போதாம்.

தோள் மூட்டைப் பந்தும் கிண்ணமும் என்று சொல்கிறோமே, அந்தக் கிண்ணத்துக்கு ஆழமே கிடையாது, கிட்டத்தட்ட ஒரு தட்டுதான். அதன் விளிம்பில் இருக்கும் லேப்ரம் என்ற வளையமும் அதோடு ஒட்டிய, எலும்புகளை இணைக்கும் நார்களான லிகமென்ட்களும் பந்தைப் பிடித்து நிறுத்துகின்றன. தோள் முன்பக்கமாக நழுவும்போது (பெரும்பாலும் அப்படித்தான்) இந்த வளையம் எலும்பிலிருந்து பிய்ந்துவிடும், மூட்டு உள்ளே போய்விட்டாலும் பிய்ந்தது பழைய இடத்தில் சரியாக ஒட்டுவது அபூர்வம். அதிலும் 20 வயதுக்குள் முதல்முறை கழன்றவர்களுக்கு அது மறுபடி கழலும் வாய்ப்பு மிக அதிகம்.

பிய்ந்ததை மட்டும் சரிசெய்ய வேண்டுமென்றால் ஆர்த்ரோஸ்கோப்பி போதும்: சிறு துளைகள் வழியாகக் கேமராவில் பார்த்தபடி, கிண்ணத்தின் விளிம்பில் ஆங்கர் எனும் நூல் கோத்த சிறு ஆணிகளைப் பதித்து, அவற்றின் நூலால் லேப்ரத்தையும் லிகமென்ட்டையும் இழுத்துத் தைப்போம். பேங்கார்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1923-லேயே விவரித்த காயம்தான் இது. ஆனால் ஒவ்வொரு முறை கழலும்போதும் கிண்ணத்தின் எலும்பும் கொஞ்சம் தேயும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால் தையல் தாங்காது. அப்போது தோள்பட்டை எலும்பிலிருந்து முன்பக்கம் நீண்டிருக்கும் கோரகாய்டு என்ற பகுதியின் நுனியை, ஒட்டியிருக்கும் தசைநாணோடு வெட்டியெடுத்து, கிண்ணத்தின் முன்விளிம்பில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்த வேண்டும். இது லடார்ஜே முறை. நல்ல பலன் தரும், ஆனால் பெரிய வேலை, நரம்புகளுக்குப் பக்கத்தில் செய்யும் வேலை. அந்த இளைஞருக்கு இதுதான் தேவைப்பட்டது. இரண்டாவது முறை கழன்றதுமே வந்திருந்தால் தையலோடு முடித்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.

எல்லாருக்கும் கத்தி வேண்டியதில்லை. பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக இருந்து, அடிபடாமலே எல்லாத் திசையிலும் நழுவுகிறவர்களுக்கு முதல் சிகிச்சை பிசியோதெரபிதான், அதுவும் மாதக்கணக்கில், பொறுமையாக.

அப்புறம், நீங்களோ நண்பரோ இழுத்துப் போடும் பழக்கத்தை விடுங்கள். கூடவே எலும்பு முறிந்திருக்கலாம், நரம்பு நசுங்கியிருக்கலாம். தோளின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் மரத்துப்போனதுபோல இருந்தால் உடனே காட்ட வேண்டும். வரும்போது முதல்முறை கழன்றபோது எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.