கீழே இருந்து வந்த போன்

போன மாசி மாதம் ஒரு மத்தியானம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் தேயிலை எடை போடும் இடத்தில் பெரியப்பா மூட்டையோடு வரிசையில் நின்றிருந்தார். போன் அடித்தது. கோயம்புத்தூரில் அவருக்கு ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் இருந்து ஒரு பெண் பேசினார். "ஐயா, நல்லா இருக்கீங்களா? பை ஒட்டுற இடத்துல புண் ஏதும் இருக்கா? நடுவுல வேற எங்கயாவது அட்மிட் ஆனீங்களா?" ஏழெட்டுக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் "இல்லம்மா, இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் என்னிடம் வந்து, "ஆபரேஷன் முடிஞ்சு ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. பில்லும் கட்டியாச்சு. இன்னும் எதுக்குடா கூப்பிடறாங்க?" என்று கேட்டார்.

"ஐப்பசில குளிர் காய்ச்சல் வந்து இங்க நாலு நாள் படுத்திருந்தீங்களே, அதைச் சொன்னீங்களா?"

"அது இங்கதானே நடந்துச்சு? அவங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

அந்த நாலு நாள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெரியப்பாவுக்கு வந்தது சிறுநீர்ப்பைப் புற்றுநோய். நாற்பது வருடம் பீடி குடித்தவர். இந்த நோய்க்குப் புகைதான் முதல் காரணம். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தது. கட்டி பையின் தசைக்குள் இறங்கியிருந்ததால் பையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. சிறுகுடலில் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி, அதன் ஒரு பக்கத்தில் இரண்டு சிறுநீர்க் குழாய்களையும் சேர்த்துத் தைத்து, மறுமுனையை வயிற்றுத் தோலில் வாய் மாதிரி திறந்து விடுவார்கள். அதன் மேல் ஒரு பை ஒட்டப்படும். பல மணி நேர வேலை அது. சிறுநீர்ப்பை, குடல், நிணநீர்க் கணுக்கள் என்று மூன்று இடத்தில் கை வைக்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் சிக்கல் வரலாம்.

சரி, இந்த ஆபரேஷன் 'நன்றாக முடிந்தது' என்று எந்த நாளில் வைத்துச் சொல்வது? தியேட்டரை விட்டு வெளியே வந்த அன்றா, டிஸ்சார்ஜ் ஆன அன்றா?

இந்தக் கேள்வியை விடாமல் கேட்டதற்காக வேலையை இழந்தவர் பாஸ்டனில் இருந்த எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர். ஆபரேஷன் செய்த ஒவ்வொருவரையும் ஒரு வருடம் கழித்துத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும், சிகிச்சை பலிக்கவில்லை என்றால் ஏன் என்று எழுதி வைக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு, அதில் 'இறுதி விளைவு'. அவர் வேலை பார்த்த பெரிய மருத்துவமனை ஒத்துவரவில்லை, 1914-இல் விலகினார். தன் சொந்தச் சின்ன மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 பேரின் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். அதில் 123 தவறுகளைத் தானே ஒப்புக்கொண்டிருந்தார். இன்று அறுவை சிகிச்சை விளைவு ஆய்வு என்று ஒரு துறையே இருக்கிறது என்றால் அதற்கு விதை இந்தச் சீட்டுகள்தான். பெரியப்பாவுக்கு வந்த போனும் அதே சீட்டின் பேரன்தான்.

எத்தனை நாள் எண்ணுகிறோம் என்பதிலேயே பதில் மாறிவிடும். நியூயார்க்கில் ஒரு பெரிய புற்றுநோய் மருத்துவமனை, சிறுநீர்ப்பை எடுக்கப்பட்ட 1142 பேரை 90 நாள் வரை பின்தொடர்ந்து 2009-இல் எழுதியது. அவர்களில் 64 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல். காய்ச்சல், குடல் அசையாமல் நின்று போவது, தையல் ஆறாமை எல்லாம் இதில் அடக்கம். பெரும்பாலானவை சின்னச் சிக்கல்கள் என்றாலும், இந்தத் துறையிலேயே கைதேர்ந்த இடத்தில் நூற்றுக்கு அறுபத்து நாலு! டிஸ்சார்ஜ் அன்றோடு கணக்கை மூடியிருந்தால் இதில் ஒரு பகுதி கண்ணிலேயே பட்டிருக்காது.

அப்புறம், காணாமல் போகிறவர்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பத்துப் பேருக்கு ஆபரேஷன் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடத்தில் ஒருவர் இறந்துவிட்டார். மீதி ஒன்பது பேரில் இரண்டு பேர் வருடக் கடைசியில் ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போனவர்கள், அப்புறம் வரவே இல்லை. போனும் எடுக்கவில்லை. கண்பார்வையில் இருப்பது ஏழு பேர். இரண்டாம் வருடத்தில் அவர்களில் ஒருவர் இறந்தார். இரண்டு வருடம் கழித்து எத்தனை சதவீதம் பேர் உயிரோடு இருக்கிறார்கள்?

வராத இருவரும் நலம் என்று வைத்தால் 80 சதவீதம். இருவரும் போய்விட்டார்கள் என்றால் 60. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நியாயமான வழியை 1958-இல் எட்வர்ட் கப்லான், பால் மெய்யர் என்ற இரண்டு பேர் சேர்ந்து எழுதினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும், அப்போது கண்பார்வையில் இருப்பவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, அந்தக் கட்டங்களைப் பெருக்கு. முதல் வருடம் தாண்டியவர்கள் பத்தில் ஒன்பது. இரண்டாம் வருடம் தாண்டியவர்கள் ஏழில் ஆறு. இரண்டையும் பெருக்கினால் 77 சதவீதம் வரும். புற்றுநோய் ஆய்வுக் கட்டுரைகளில் படிக்கட்டு மாதிரி இறங்கும் கோடு ஒன்று இருக்கும், அது இந்தப் பெருக்கல்தான். ஒவ்வொரு படியும் ஒரு மரணம். கோட்டின் மேல் இருக்கும் சின்னச் சின்னக் கீறல்கள், அந்தத் தேதிக்கு மேல் தகவல் இல்லாதவர்கள்.

அழகான கணக்கு. ஆனால் அது ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: காணாமல் போனவர்களும், வந்துகொண்டிருப்பவர்களும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். எங்கள் மலையில் அது உண்மையா? கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், வளைவு வளைவாக இறக்கம். அங்கிருந்து இன்னொரு பஸ். வயிற்றில் பையோடு இருக்கிறவர் வழியில் அதைக் காலி செய்ய இடம் தேட வேண்டும். கூட ஒரு ஆள், இருவருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. நன்றாக இருப்பவர் 'எதுக்கு வீண் செலவு' என்று போக மாட்டார். ரொம்ப முடியாதவரால் போகவே முடியாது. வராத ஒருவர் இந்த இரண்டில் எந்த வகை என்று கீழே இருந்து பார்த்தால் தெரியாது. மேட்டுக்காரர்கள் இப்படி மொத்தமாக விடுபட்டுப் போகும் ஒரு கணக்கைக் காட்டி "இந்த ஆபரேஷன் உங்களுக்கு நல்லது" என்று எங்களிடமே சொன்னால், அதில் நாங்கள் எங்கே இருக்கிறோம்? இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஊரில் யாருக்காவது பெரிய ஆபரேஷன் என்றால் முதலில் கேட்பது, "எந்த டாக்டர்?" இதற்கும் ஆய்வில் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் பிர்க்மெயரும் உடன் இருந்தவர்களும் 1998, 1999 ஆண்டுகளில் எட்டு வகை ஆபரேஷன் செய்துகொண்ட 4,74,108 முதியவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பை அகற்றலும், இதயத்தில் இருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் அயோர்ட்டிக் வால்வை மாற்றுவதும் அதில் உண்டு. நிறையப் பேருக்குச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு குறைவு என்பது முன்பே தெரிந்ததுதான். 2003-இல் இவர்கள் கேட்டது, அந்த லாபத்தில் மருத்துவரின் கைப்பழக்கம் எவ்வளவு என்று. வால்வு மாற்றுவதில் 100 சதவீதமும் மருத்துவரின் அனுபவம். சிறுநீர்ப்பையில் 39 சதவீதம்தான்.

எனக்குப் புரிந்த அளவில் இதற்கு ஒரு காரணம் உண்டு. வால்வு மாற்றும்போது இதயத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள், ரத்தத்தை மெஷின் ஓட்டும். நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, சுண்ணாம்பு படிந்த வால்வை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைச் சுற்றித் தையல் போட வேண்டும். முக்கால்வாசி விதி அந்த மேஜையிலேயே முடிவாகிவிடும். சிறுநீர்ப்பை ஆபரேஷனில் ஆபத்து வார்டுக்கு வந்த பிறகும் நாள்கணக்கில் காத்திருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு உப்புவதை, ஜுரம் ஏறுவதை யார் முதலில் கவனிக்கிறார்கள் என்பதுதான் அங்கே முக்கியம். ஆகவே வால்வுக்கு டாக்டரை விசாரியுங்கள், சிறுநீர்ப்பைக்கு டாக்டரோடு வார்டு நர்ஸ்களையும் சேர்த்து விசாரியுங்கள் என்பேன்.

இதை இன்னும் நன்றாகக் காட்டும் ஆய்வு 2009-இல் வந்தது. வயிறு, ரத்தக்குழாய் ஆபரேஷன்களில் இறப்பு மிக அதிகமான மருத்துவமனைகளையும் மிகக் குறைவான மருத்துவமனைகளையும் ஒப்பிட்டார்கள். சிக்கல் வந்தவர்கள் முதல் வகையில் 24.6 சதவீதம், இரண்டாம் வகையில் 26.9. அதாவது சிக்கல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். பெரிய சிக்கல் வந்த பிறகு இறந்தவர்கள்தான் 21.4 சதவீதமும் 12.5 சதவீதமும். வித்தியாசம் பெரும்பாலும், சிக்கல் வந்தவரைக் காப்பாற்ற முடிந்ததா என்பதில் இருந்தது. பெரியப்பாவின் ஐப்பசி ஜுரம் சிறுநீரகம் வரை ஏறிய தொற்று. மேலேயே ஒரு டாக்டர் அன்று ராத்திரியே ஊசி மருந்தை ஆரம்பித்ததால் பிழைத்தார். அது ஒரு பெரிய தகவல். கீழே யாருக்கும் தெரியாது.

வால்வு விஷயத்தில் இன்னொரு சிக்கல், யாரை வைத்து எண்ணினார்கள் என்பது. உலோக வால்வு தேயாது, ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க வார்ஃபரின் மாத்திரை. மாடு, பன்றித் திசுவில் செய்யும் திசு வால்வுக்கு அந்த மாத்திரை பெரும்பாலும் வேண்டாம், ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் பழுதாகும், இள வயதில் இன்னும் சீக்கிரம். எது மேல்? அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் 575 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து 15 வருடம் பார்த்தார்கள். அயோர்ட்டிக் வால்வு மாற்றியவர்களில், உலோக வால்வுக்காரர்களில் 66 சதவீதமும் திசு வால்வுக்காரர்களில் 79 சதவீதமும் இறந்திருந்தார்கள். உலோகம் ஜெயித்தது. ஆனால் அந்த 575 பேரும் ஆண்கள். எங்கள் லைனில் கொழுந்து பறிக்கும் ஒரு தங்கைக்கு ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போனது இருபத்தாறு வயதில். குழந்தை வேண்டும் என்பவள். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். திருவனந்தபுரத்தின் சித்ரா நிலையம் உருவாக்கி 1990-இல் முதன்முதலில் பொருத்தப்பட்ட நம் நாட்டு வால்வு வந்த பிறகு உலோக வால்வின் விலை குறைந்தது நிஜம். ஆனாலும் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை மாதா மாதம் வேண்டும், கீரையும் கோஸும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். அவள் கேள்விக்கு அந்த 575 பேரிடம் பதில் இல்லை. அவளைப் போன்றவர்களைப் பின்தொடர்ந்தால்தான் பதில் வரும்.

எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. இங்கிலாந்தில் சிறுநீர்ப்பையை ரோபோ மூலம் எடுப்பதையும் வயிற்றைத் திறந்து எடுப்பதையும் 338 பேரிடம் ஒப்பிட்டார்கள். அவர்கள் அளந்தது, முதல் 90 நாளில் ஒருவர் உயிரோடு, மருத்துவமனைக்கு வெளியே இருந்த நாட்கள். ரோபோவுக்கு 82, திறந்து செய்ததற்கு 80. இரண்டே நாள்தான் வித்தியாசம். எந்த ஊர் மருத்துவமனையில் படுத்தாலும் ஒரு நாள் கழியும்.

இதைச் சொன்னபோது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அந்த நாலு நாளும் கணக்குல வரணும்ல?" என்றார். மறுநாள் காலையில் நாங்களே அந்த எண்ணுக்குப் போட்டோம். அந்தப் பெண் ஜுரம் வந்த தேதி, போட்ட மருந்து, மேலே பார்த்த டாக்டரின் சீட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியப்பா மஞ்சள் பையில் இருந்து காகிதங்களை எடுத்துப் படிக்கப் படிக்க எழுதிக்கொண்டார். கடைசியில், "உங்க போன் எடுக்கலைன்னா வேற யாரைக் கூப்பிடணும் ஐயா?" என்றார். பெரியப்பா என் எண்ணைக் கொடுத்தார், அப்புறம் டவர் கிடைக்கும் இடத்தில் இருக்கும் டீக்கடைக்காரர் எண்ணையும்.