எலுமிச்சையும் எங்கள் ஊர் வெயிலும்

மீன்பிடித் தடைக்காலமும் பள்ளிக்கூட லீவும் சேர்ந்து வரும் மே மாதத்தில்தான் தோல் கறுத்துப் புண்ணாகி என்னிடம் சிகிச்சைக்குப் பிள்ளைகள் வருவார்கள். அப்படி ஒரு மே மாதத்தில், பாம்பன் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒன்பது வயதுப் பெண்பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். தாடையிலிருந்து கழுத்து வரை நாலைந்து பழுப்புக் கோடுகள், ஏதோ வழிந்து இறங்கிய மாதிரி. ஓரிடத்தில் கொப்புளம் உடைந்த தடம். அதன்மேல் காவி. அக்கி என்று நினைத்து அப்பத்தா எழுதிக் கூட்டி வந்திருக்கிறார்.

அக்கி இப்படி வழியாது. கையைக் காட்டச் சொன்னேன். விரல் இடுக்கிலும் அதே கறுப்பு.

“வீட்டுல என்ன போட்டீங்க?”

“ஒண்ணும் போடலையே டாக்டர். எல்லாம் இயற்கைதான்” என்றார் அம்மா.

பிள்ளைதான் சொன்னாள்: “எலுமிச்சம்பழம் நான்தான் பிழிஞ்சேன்.”

கடலை மாவு, தேன், எலுமிச்சைச் சாறு. அம்மாவும் மகளும் சேர்ந்து குழைத்து முகத்தில் பூசி, கழுவியும் கழுவாமலும் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். எலுமிச்சையில், அதிலும் பழத்தோலில், ஃப்யூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் ஒட்டியிருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் சுட்ட புண் போல ஆகிவிடும். ஆனால் உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் சிவக்கும், கொப்புளிக்கும், அப்புறம் கறுக்கும். அதற்குள் எலுமிச்சை பிழிந்ததே மறந்து போயிருக்கும். அந்தக் கறுப்பு மறைய வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும்.

இதே வேலையைச் செய்யும் இன்னொரு பொருள் கார்போக அரிசி என்ற விதை. குளியல் பொடிக்கு என்று கேட்டால் நாட்டு மருந்துக் கடையில் ஆவாரம்பூ, பூலாங்கிழங்கோடு இதையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். இதில் இருப்பது சோரலன், அதுவும் ஒரு வகை ஃப்யூரோகூமரின்தான். வெண்புள்ளி நோய்க்கு ஒளி சிகிச்சை கொடுக்கும்போது நாங்கள் பயன்படுத்துவதும் சோரலன் மருந்துதான். மருந்தையும் ஒளியையும் அளந்து, கண்ணை மூடிப் பாதுகாத்துச் செய்கிற சிகிச்சை அது. அளவே தெரியாமல் பொடியில் கலந்து தேய்த்துவிட்டு, உப்பளத்திலும் மணலிலும் வெயில் திருப்பி அடிக்கிற இந்த ஊரில் பிள்ளையை வெளியே விடுவது வேறு. பொட்டலத்தைப் பிரித்து, அந்தக் கறுத்த சிறு விதைகளை எடுத்துவிடுங்கள்.

ஏன் பூசினீர்கள் என்று கேட்டேன். “வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போயிட்டா. பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள கொஞ்சம் தெளிஞ்சா நல்லாருக்கும்னுதான்” என்றார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் புண்ணைவிட எனக்கு இதுதான் உறுத்தியது. அவள் நிறத்தில் ஒரு குறையும் இல்லை. அம்மாவோடு உட்கார்ந்து ஆசையாகக் குழைத்த அந்த அரைமணி நேரத்தில் அவள் கற்றுக்கொண்டது, தன் தோல் மாற்றப்பட வேண்டியது என்பதை.

அதனால் ‘இனி எதுவும் செய்யாதீர்கள்’ என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அப்பத்தாவின் கையைப் பார்த்தேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் பாசி எடுக்கிற கை. உப்புநீரில் ஊறி ஊறிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. “அப்பத்தா கைக்கு ஒரு களிம்பு செய்வோமா?” என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

செய்முறை எளிது. மூன்று தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்குத் துருவிய தேன்மெழுகு ஒரு தேக்கரண்டி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும், நம் ஊரில் அது கெட்டியாக இருக்கிற நாளே அபூர்வம். மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும். அதுதான் களிம்பை நிற்க வைக்கிறது. மெழுகுவர்த்தியை உடைத்துப் போடக் கூடாது. கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவதும், இறக்கி ஊற்றுவதும் பெரியவர் வேலை. அளப்பது, ஆறிய பிறகு மூடுவது, டப்பாவில் தேதி எழுதி ஒட்டுவது பிள்ளைக்கு. தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேராததால் சீக்கிரம் கெடாது. கற்றாழைச் சாறு, பன்னீர் என்று எதையாவது கலந்தால் கிருமி வளரும். இரவில் கையைக் கழுவி, ஈரம் முழுதாகக் காயும் முன்பே தடவ வேண்டும்.

குளியல் பொடி வேண்டுமென்றால் பாசிப்பயறு, ரோஜா இதழ், வெட்டிவேர் போதும். நன்றாகக் காய வைத்து அரையுங்கள், கடல் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மிளகாய் அரைத்த மிக்ஸி ஜாரில் மட்டும் அரைக்காதீர்கள். நம் முண்டு மிளகாயின் காரம் ஜாரின் அடியில் எவ்வளவு ஒட்டியிருக்கும் என்பது, முகமெல்லாம் எரிந்து கதறிய ஒரு பிள்ளையைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. எதையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு, தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். கரப்பான் என்கிற தோல் அரிப்பு நோய் (எக்ஸிமா) இருக்கும் பிள்ளைக்குப் பால், முட்டை, கடலை எதையும் தோலில் பூச வேண்டாம். வெடித்த தோல் வழியாக உள்ளே போனால் அந்த உணவே ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கற்பூரத்தை எண்ணெயில் போட்டுக் காய்ச்சும் பழக்கத்தைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் விட்டுவிடுங்கள். கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே சின்னப் பிள்ளைக்குச் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.

தோலில் எது வந்தாலும், பூசியதன் மிச்சத்தை அப்படியே டப்பாவோடு கொண்டு வாருங்கள். பிள்ளை கூட இருந்து செய்திருந்தால், என்னென்ன போட்டீர்கள் என்று அவளிடமும் நான் கேட்பேன். அவளைப் பேச விடுங்கள்.