பாதீடு: ஆநிரைப் பங்கிலிருந்து அரச கணக்கு வரை

“சேர், பாதீடு எண்டா பாதிக் காணிய ஈடு வைக்கிறதா?”

கொக்கட்டிச்சோலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கும் கொட்டிலில், பின்வாங்கில் இருந்த மாணவி கேட்டாள். பட்ஜெட்டுக்கு எங்கள் பக்கம் வழங்கும் ‘பாதீடு’ என்ற சொல்லைப் பலகையில் எழுதி, கீழே வருமானம், செலவு என்று இரண்டு நிரல் போட்டிருந்தேன். கேள்வியைக் கேட்டு வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் ஈடு என்றால் எல்லா வீட்டுக்கும் தெரியும். விதைப்புக்கு முன் தோடும் காப்பும் ஈட்டுக்குப் போகும். வெள்ளாண்மை சரிவந்தால் திரும்பி வரும். ஆகவே அவளுக்கு அந்தச் சொல் அப்படித்தான் பிரிந்தது: பாதி, ஈடு.

பிரிய வேண்டிய இடம் வேறு. பாது, இடு. பாது என்றால் பங்கு. இடு என்ற வினை முதலெழுத்து நீண்டு ஈடு ஆகிறது; ஒதுக்கீடு, மதிப்பீடு, குறியீடு எல்லாம் அப்படி வந்தவைதான். பாத்தல் என்றால் பகுத்தல். ‘பகு’ என்ற வேரின் குடும்பம் பெரியது. பாதியும் அதில் ஒன்று, அதனால் அந்தப் பிள்ளை முழுக்கப் பிழையாகச் சொல்லவில்லை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் மண் அணைத்து வகுக்கிறோமே, அந்தப் பாத்தியும் அதே வேர். ஆண்பால், பெண்பால் என்கிற பாலும் அதுவே.

இந்தச் சொல்லை முதலில் சந்திப்பது போர்ப் பாட்டிலே. தொல்காப்பியப் புறத்திணையியல், மாடு கவரும் போரான வெட்சித் திணைக்குச் சொல்லும் 14 துறைகளில் ஒன்று பாதீடு. பகைவருடைய ஆநிரையைக் கவர்ந்து ஊர் கொண்டுவந்து சேர்த்ததும் அதை வீரர் பகுத்துக்கொள்வதற்குப் பெயர் அது. கடைசித் துறைகளின் வரிசை இப்படிப் போகிறது: தந்துநிறை, பாதீடு, உண்டாட்டு, கொடை. மாட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், பகுக்கிறார்கள், கள்ளுண்டு மகிழ்கிறார்கள், அதற்குப் பிறகு கொடுக்கிறார்கள். யார் யாருக்குப் பங்கு என்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை விரித்துச் சொல்கிறது. வாளெடுத்துப் பொருதவர்களுக்கு, ஒற்றறிந்து வந்து சொன்னவர்களுக்கு, புள் நிமித்தம் பார்த்துச் சொன்னவர்களுக்கு. மாட்டை மேய்த்தவனுக்கும் அந்த மாட்டின் பாலில் வளர்ந்த பிள்ளைக்கும் அந்தப் பாட்டில் இடமில்லை.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது மனம் மயிலத்தமடுவுக்குப் போகாமல் இராது. 2023 செப்டெம்பர் முதல், மேய்ச்சல் தரையை மீட்டுத் தரும்படி கேட்டுச் சித்தாண்டியில் வீதியோரம் பந்தல் போட்டு இருந்தவர்கள் எங்கள் பண்ணையாளர்கள். இலக்கணம் படிக்கிற பிள்ளைக்கு ஆநிரை பழைய சொல். அவர்களுக்கு அது இன்றைய சோறு.

பாதீட்டுக்கு உடன்பிறந்த சொல்லொன்று சோற்றுப் பக்கம் வளர்ந்தது. அது பாத்தூண். பகுத்து உண்ணும் ஊண். ‘பாத்தூண் மரீஇ யவனைப் பசியென்னும் தீப்பிணி தீண்டல் அரிது’ என்று குறள் ஈகையில் வைக்கிறது. வேர் ஒன்று. ஒரு கிளை களவாடிய மாட்டைப் பங்கு வைக்கிறது, மறுகிளை தன் இலையில் இருப்பதைப் பங்கு வைக்கிறது. அரசன் செலவழிப்பதற்கு வள்ளுவர் இறைமாட்சியில் எடுத்த சொல் ‘வகுத்தல்’. இயற்றலும் ஈட்டலும் காத்தலும் சொல்லி முடித்து, ‘காத்த வகுத்தலும்’ என்கிறார். பரிமேலழகர் அந்த வகுத்தலை அறம், பொருள், இன்பம் என்று மூன்றாகப் பிரித்து உரை சொல்கிறார். கடவுளர், அந்தணர், வறியோர் இவர்களுக்குக் கொடுப்பது அறக் கணக்கு. யானை, குதிரை, படை, நாடு, அரண் இவற்றுக்குக் கொடுப்பது பொருள் கணக்கு. மண்டபமும் வாவியும் இளமரக்காவும் இன்பக் கணக்கு. படைக்கும் பங்கு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் எழுதும்போது வறியவரைப் படைக்கு முன்னால் எழுதினார்.

என் அம்மப்பா களவெட்டியில், சூடடிக்கும் களத்தில், நெல் பகுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பொலி தூற்றிக் குவித்த பிறகு நெல் அளக்கும் மரைக்காலை எடுப்பார். முதல் மரைக்காலை ‘ஒண்டு’ என்று எண்ணமாட்டார், ‘லாபம்’ என்பார். பிறகுதான் ‘ரெண்டு, மூண்டு’. சாக்குக் கட்டிகள் வரிசையாக வாய் திறந்து கிடக்கும். முதலில் அடுத்த போகத்து விதைநெல் தனியாகப் போகும், அதில் யாரும் கைவைக்க முடியாது. பிறகு கோயிலுக்கு, வெட்டினவர்களுக்கு, வயல்வெளியை மேற்பார்க்கும் வட்டை விதானையாருக்கு. பரணில் இரவிரவாக இருந்து யானையும் பன்றியும் விரட்டின காவற்காரருக்கும் அவருடைய பங்கை வழித்துத் தட்டாமல் கும்பமாகவே அளந்து போடுவார். “அவர் இல்லாட்டி நெல்லு ஏது மனே” என்பார். காவலுக்குக் கொடுப்பதை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் காவல் பங்கு விதைநெல்லைத் தின்னுமளவு பெருத்த களவெட்டியை நான் கண்டதில்லை.

பட்ஜெட் என்ற சொல்லின் பிறப்பையும் பார்த்துவிடலாம். பழைய பிரெஞ்சு மொழியில் சிறு தோற்பைக்கு இருந்த பெயர் ஆங்கிலத்துக்குப் போனது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நிதியமைச்சர் ஆண்டுக் கணக்கை முன்வைப்பதைப் பையைத் திறப்பதாகச் சொல்லத் தொடங்கி, பையின் பெயர் கணக்கின் பெயராயிற்று. தமிழ்நாட்டில் பட்ஜெட், நிதிநிலை அறிக்கை என்கிறார்கள். இலங்கையில் அரச ஆவணத் தமிழ் வரவு செலவுத் திட்டம். எங்கள் பத்திரிகைகளும் வானொலியும் பாதீட்டைப் பிடித்துக்கொண்டன, அதற்காக அவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். பட்ஜெட் பையைக் காட்டுகிறது. வரவு செலவுத் திட்டம் கணக்குக் கொப்பியைக் காட்டுகிறது. பங்கு வைக்கிற கையைக் காட்டுவது பாதீடு மட்டும்தான்.

அந்தக் கை எப்படி வகுக்கிறது? நாடு கடன் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரலில் அறிவித்து, அதன் பிறகு போட்ட முதல் ஆண்டுப் பாதீடு 2023க்கு உரியது. அதில் பாதுகாப்பு அமைச்சுக்கு 410 பில்லியன் ரூபாய், சுகாதாரத்துக்கு 322 பில்லியன், கல்விக்கு 232 பில்லியன். இந்த மூன்றையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது முழு நியாயம் ஆகாது. மாகாணப் பாடசாலைகளுக்கும் மாகாண வைத்தியசாலைகளுக்கும் போகிற பணம் வேறு தலைப்பின் கீழ் வரும். அதையும் கணக்கில் எடுத்துப் பார்த்தாலும், போர் முடிந்து 13 ஆண்டு கடந்த நாடு மருந்துக்குத் தட்டழிந்த வேளையில் எந்தச் சாக்கை நிரப்பிற்று என்பது தெரிகிறது. அந்த ஆண்டுகளில் அம்மாவின் கிளினிக் கொப்பியில் மருந்துப் பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் சின்னச் சின்ன வட்டம் போட்டிருக்கும். வட்டம் போட்டது இங்கே இல்லை, வெளியே வாங்க வேண்டும். ஒரு தவணை ஐந்து மருந்தில் நாலுக்கு வட்டம். அம்மா கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “வட்டம் போடாததை மட்டும் குடிப்பம்” என்றார்.

படைச்செலவில் பெரும்பகுதி ஆயுதத்துக்குப் போவதில்லை, சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. அந்தச் சம்பளத்தில் அடுப்பெரியும் வறிய கிராமங்கள் தெற்கிலே நிறைய உண்டு. ஆட்களைக் குறைக்க வேண்டும் என்பதை அரசும் ஒப்புக்கொண்டது. 200,783 ஆக இருந்த தரைப்படையை 2024இல் 135,000 ஆகவும் 2030இல் ஒரு இலட்சமாகவும் ஆக்குவதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். படையிலிருந்து வெளியேறும் அந்தப் பெடியன்களுக்குத் தொழில் வேண்டும் என்பதும் இந்தப் பாதீட்டில் ஒரு பங்கு கேட்கிறது.

போர்க்காலத்தில் பங்கு கொடுத்தவர்கள் நாங்களும்தான். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தேசிய பாதுகாப்பு வரி வந்தது. 2002இல் பெறுமதி சேர் வரி அதன் இடத்தைப் பிடிக்கும்வரை பொருட்களின் விலைக்குள் ஒளிந்திருந்தது. சென்றியில், அதாவது படையினரின் சோதனைச் சாவடியில், இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வந்து கடையில் சவர்க்காரம் வாங்கினவர், அந்தச் சென்றிக்கும் அதிலே காசு கட்டினார்.

போர் முடிந்தால் மிஞ்சும் பணத்துக்கு உலகம் ஒரு பெயர் வைத்திருக்கிறது. தமிழில் ‘சமாதான ஈவு’ என்றால் பொருந்தும். ஈவு என்பது வகுத்தால் வரும் விடை. ஈ என்ற வேரால் கொடையும் அதுவே. ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டம் 1994இல் வெளியிட்ட மனித அபிவிருத்தி அறிக்கை இந்தக் கணக்கைப் போட்டது. அதன் பின்னால் இருந்தவர் பாகிஸ்தானின் முன்னாள் நிதியமைச்சர் மஹ்பூப் உல் ஹக். படைக்குப் பங்கு வைத்த கையாலேயே எழுதினார் என்பதால் அந்த அறிக்கை எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1987 முதல் 1994 வரை உலகப் படைச்செலவு குறைந்துவந்ததையும், அந்த மிச்சம் மனிதத் தேவைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் அறிக்கை சுட்டிக்காட்டியது. வளர்முக நாடுகள் தம் பாதீட்டில் 20 வீதத்தையும், உதவும் நாடுகள் தம் உதவியில் 20 வீதத்தையும் அடிப்படைத் தேவைகளுக்கு வைக்கட்டும் என்று கேட்டது. பாதுகாப்பு என்ற சொல்லையும் அது நாட்டின் எல்லையிலிருந்து இறக்கி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது: வருமானம், உணவு, உடல்நலம், சூழல், உயிர், சமூகம், அரசியல் என்று ஏழு வகை. படுவான்கரையில் விடிய எழும்பி வயலுக்குப் போகிற பெண்ணிடம் பாதுகாப்பு எது என்று கேட்டால் யானை வேலி என்பாள். வேலியில் கரண்ட் ஓடுகிறதா என்பதே அவளுடைய தேசியப் பாதுகாப்பு.

கொஸ்தாரிக்கா 1948இல் படையையே கலைத்தது. தலைநகரின் படைமுகாம் மதிலைச் சம்மட்டியால் அடித்து அதைச் சடங்காகவே செய்தார்கள், அந்த முகாம் இன்று தேசிய அருங்காட்சியகம். உலகம் மொத்தமாக 2024இல் படைக்குச் செலவழித்தது 2,718 பில்லியன் டொலர் என்பது ஸ்டொக்ஹோம் சமாதான ஆய்வு நிறுவனத்தின் கணக்கு.

சொற்களைப் புழங்கும் விதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பகுக்கும் செயலுக்குப் பாதீடு, பாராளுமன்றத்தில் வைக்கும் ஆவணத்துக்கு வரவு செலவுத் திட்டம், ஒவ்வொரு அமைச்சுக்கும் கிடைக்கும் கூறுக்கு ஒதுக்கீடு என்று நான் எழுதுகிறேன். ஒதுக்கீட்டைக் கவனமாகக் கையாள வேண்டும். ஒதுக்கி வைப்பது ஒருவருக்காக எடுத்து வைப்பதாகவும் இருக்கும், ஒருவரை ஓரத்தில் தள்ளுவதாகவும் இருக்கும். அபிவிருத்தி என்ற சொல் எங்கள் பக்கம் கொங்கிறீற்று வீதியாகத் தேய்ந்துவிட்டது. பிள்ளையின் எடையும் தாயின் இரத்தமும் பள்ளி வரவும் பேசுகிற இடத்தில் மனித மேம்பாடு என்று எழுதினால் ஆட்கள் விளங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்த கிழமை இதையெல்லாம் பலகையில் எழுதிக் காட்டினேன். அரசு கட்டுகிற வட்டி பாதுகாப்பு ஒதுக்கீட்டையும் விடப் பெரியது என்று சொன்னபோது, அந்த மாணவி “அப்ப ஈடு எண்டு நான் சொன்னதும் சரிதானே சேர்” என்றாள். சொல்லுக்குப் பிழை, நாட்டுக்குச் சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “களவெட்டியில உங்கட அம்மப்பா பகுத்தார். இதை ஆர் பகுக்கிற?” என்று கேட்டாள்.

இரண்டாம் வாசிப்பு, குழுநிலை விவாதம், அமைச்சு அமைச்சாகத் தலைப்புகளுக்கு வாக்கெடுப்பு, கடைசியில் மூன்றாம் வாசிப்பு என்று முறையைச் சொன்னேன். 225 உறுப்பினர்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் தெரிவாகிறவர்கள் 5 பேர், அம்பாறையில் 7 பேர்.

அவள் ஐந்தையும் ஏழையும் கூட்டி, கொப்பியின் ஓரத்தில் 12 என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடு போட்டாள்.