சீட் பெல்ட் சத்தத்தை நிறுத்தச் சொல்லி வருகிறவர்களுக்கு

கார்களில் மின்சார வேலை பார்ப்பவன் நான். வயரிங், சென்சார், ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடுகள் என்றுதான் என் பொழுது போகும். வாரத்துக்கு ஒருவராவது வந்து கேட்கிற வேலை ஒன்று உண்டு. "அண்ணே, வண்டி எல்லாம் நல்லா இருக்கு. அந்த பெல்ட் சத்தத்தை மட்டும் கட் பண்ணிடுங்க. தலை வலிக்குது."

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதைச் செய்து கொடுத்திருக்கிறேன். அப்போதைய வண்டிகளில் மீட்டர் போர்டைக் கழற்றினால் உள்ளே நகத்தளவில் ஒரு பஸ்ஸர் இருக்கும். சால்டரிங் கம்பியை வைத்தால் இரண்டே நிமிடத்தில் வண்டி ஊமையாகிவிடும். அப்படி நான் ஊமையாக்கிய வண்டி ஒன்று சில மாதம் கழித்து வேறொரு வண்டியில் கட்டி இழுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. கூலன்ட் ஹோஸ் பிய்ந்து இன்ஜின் கொதித்திருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது, எதிர்வெயிலில் அது கண்ணில் படவில்லை. சத்தம் கேட்டிருந்தால் ஓரங்கட்டியிருப்பார். ஹெட் கேஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிட்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. பஸ்ஸரை எடுத்ததே அவருக்கு நினைவில் இல்லை. எனக்கு இருந்தது. அன்றோடு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

பெல்ட்டுக்கென்று தனியாக ஒரு பஸ்ஸர் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்படி இல்லை. கதவு சரியாக மூடவில்லை, ஹேண்ட் பிரேக்கை இறக்காமல் ஓட்டுகிறீர்கள், ஆயில் பிரஷர் இறங்கிவிட்டது, இன்ஜின் சூடேறுகிறது என்று எல்லாவற்றையும் ஒரே வாய்தான் சொல்கிறது. இப்போதைய சில வண்டிகளில் அந்த வாய் மீட்டர் போர்டில்கூட இல்லை, மியூசிக் சிஸ்டத்தின் ஸ்பீக்கர் வழியாக ஒலிக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் கம்பெனி ஸ்டீரியோவை எடுத்துவிட்டு வேறு மாட்டும்போது, அதற்கான இணைப்புக் கருவி சேர்க்காவிட்டால் எச்சரிக்கைச் சத்தம் மொத்தமும் போய்விடும். ஸ்டீரியோ மாற்றிய பிறகு வண்டி அமைதியாகிவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டீரியோ மாற்றுகிறவர்கள், வேலை முடிந்ததும் ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். முன்பு வந்த சத்தம் இப்போதும் வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது யாரும் பஸ்ஸரைத் தொடுவதில்லை. கிளிப் வாங்கிவிடுகிறார்கள். பெல்ட்டின் உலோக நாக்கு மாதிரியே ஒரு துண்டு. பக்கிளில் செருகினால் சத்தம் நின்றுவிடும், பெல்ட் தூணோரம் சும்மா தொங்கும். இந்தியாவில் 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 5 இணைய வணிகத் தளங்களுக்கு இதை விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. நீக்கப்பட்ட விற்பனைப் பக்கங்கள் மட்டும் 13,118.

"சத்தம்தானே நிற்குது, வேற என்ன ஆகப்போகுது" என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் பக்கிளின் அடியிலிருந்து போகும் வயரைக் காட்டுவேன். பக்கிளுக்குள் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. சில வண்டிகளில் அது காந்தத்தில் வேலை செய்யும் ஹால் சென்சார். அது தரும் தகவல் பஸ்ஸரோடு நிற்பதில்லை, ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டுக்கும் போகிறது. இந்த இருக்கையில் இருப்பவர் பெல்ட் போட்டிருக்கிறாரா இல்லையா என்பதை வைத்து, எவ்வளவு பலமான மோதலுக்கு ஏர்பேக்கை வெடிக்க வைப்பது, இரண்டு நிலை ஏர்பேக் என்றால் எந்த வேகத்தில் விரிப்பது என்று முடிவெடுக்கும் வண்டிகள் உண்டு. கிளிப் செருகியவர் அந்தக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறார். பெல்ட் போட்டவருக்கு அளந்து வைத்த கணக்கு, பெல்ட் போடாதவர் மேல் நடக்கும்.

நடப்பதன் வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். மோதல் தொடங்கியதும் முதலில் வேலை செய்வது பிரீடென்ஷனர். சிறு வெடிமருந்தின் பலத்தில் பெல்ட்டின் தளர்வை இழுத்து, உடலை இருக்கையோடு சேர்த்துக் கட்டுகிறது. இதற்கு ஆவது ஏறத்தாழ 10 முதல் 15 மில்லி விநாடி. ஏர்பேக் வெடித்து விரிய இன்னொரு 30 மில்லி விநாடி. கண் இமைக்க 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகும் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பை முழுதாக விரிந்து காற்று இறங்கத் தொடங்கும்போது மார்பும் முகமும் அதில் படவேண்டும், அதுதான் ஏற்பாடு. ஸ்டீயரிங்குக்கும் மார்பெலும்புக்கும் நடுவில் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பது இதனால்தான். பெல்ட் இல்லாதவர் மோதலுக்கு முந்தைய பிரேக்கிலேயே முன்னால் சரிந்துவிடுகிறார். விரிந்துகொண்டிருக்கும் பையில் போய் மோதுகிறார். அந்த நொடியில் அது மெத்தை இல்லை, முகத்தில் விழும் அறை.

50 கி.மீ. வேகம் என்றால் பலருக்கும் மெதுவாகத் தெரிகிறது. சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுகிறவர் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. முன்னிருக்கையில் மூன்று முனை பெல்ட் போட்டால் உயிர் போகும் அபாயம் 45 சதவீதம் குறைகிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. 1959இல் வால்வோவின் பொறியாளர் நீல்ஸ் போலின் கொண்டுவந்த அந்த பெல்ட்டை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளும்படி வால்வோ திறந்துவிட்டது. இன்று உங்கள் தோளில் கிடப்பது ஏறக்குறைய அதேதான்.

சத்தம் எரிச்சலூட்டுகிறது என்பது உண்மை. எரிச்சலூட்டத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஃபோர்டு நிறுவனம் 2000 மாடல் கார்களில் விட்டுவிட்டு ஒலிக்கும் நினைவூட்டலைக் கொண்டுவந்தபோது ஆய்வாளர்கள் ஓட்டுநர்களைக் கணக்கெடுத்தார்கள். அது இல்லாத கார்களில் 71 சதவீதம் பேர் பெல்ட் போட்டிருந்தார்கள், உள்ள கார்களில் 76. ஐந்து சதவீதம் சின்ன எண்ணாகத் தோன்றலாம். நூறு பேரில் ஐந்து பேர் ஒரு மணிச்சத்தத்துக்காகப் பெல்ட் போட்டார்கள் என்று அதைப் படித்துப் பாருங்கள்.

அளவு மீறினால் எரிச்சல் திருப்பி அடிக்கும் என்பதும் தெரிந்த கதைதான். அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில் முன்னிருக்கையில் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் இன்ஜினே ஸ்டார்ட் ஆகாது. பக்கத்து இருக்கையில் மளிகைப் பையை வைத்தாலும் வண்டி அதை ஆளென்று நினைத்துக்கொண்டு கிளம்ப மறுத்தது. மக்கள் கொதித்துப்போய் இருக்கைக்கு அடியிலிருந்த வயர்களைப் பிடுங்கினார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் அந்தப் பூட்டைத் தடை செய்தது, எச்சரிக்கை ஒலிக்கும் 8 விநாடிதான் எல்லை என்று சட்டம் போட்டது. எனக்கு இதில் பிடிபட்ட பாடம் வேறு. வயரைப் பிடுங்கியவர்களில் பலருக்கும் நியாயமான தொல்லை ஒன்று இருந்திருக்கும். என்னிடம் வருகிறவர்களுக்கும் இருக்கிறது.

அதனால் இப்போதெல்லாம் "முடியாது" என்று சொல்வதற்கு முன்னால், "எப்போ சத்தம் வருது?" என்று கேட்கிறேன். பாதிப் பேருடைய பதில், "ஆளே இல்லாத சீட்டுக்குச் சத்தம் போடுது" என்பது. பக்கத்து இருக்கையின் மெத்தைக்குள் எடையை உணரும் விரிப்பு ஒன்று இருக்கிறது. சில கிலோ எடையுள்ள பையே அதற்குப் போதும். பையைக் காலடியிலோ டிக்கியிலோ வையுங்கள், தீர்ந்தது. திடீர் பிரேக்கில் அந்தப் பை பறக்காமல் இருக்கவும் அதுதான் சரியான இடம். இருக்கை காலியாக இருந்தும் சத்தம் வந்தால் விரிப்பு பழுதாகியிருக்கலாம், ஸ்கேனரில் தெரிந்துவிடும்.

"பெல்ட் போட்டாலும் சத்தம் நிற்கவில்லை" என்பவர்களும் வருவார்கள். இவர்கள் வண்டியில் உண்மையிலேயே கோளாறு இருக்கிறது. பக்கிளுக்குள் நாணயம் விழுந்திருக்கும், குளிர்பானம் கொட்டி சுவிட்ச் ஒட்டியிருக்கும், இருக்கையை முன்பின் நகர்த்தி நகர்த்தி வயர் அறுந்திருக்கும். நாணயத்தை எடுத்துவிட்டால் முடிந்த வேலைக்குக் கிளிப் வாங்கி ஓராண்டு ஓட்டியவர் உண்டு. பக்கிளையே மாற்ற வேண்டுமென்றால் மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இருக்கைக்கு அடியில் நீங்களே கையை விட்டு மஞ்சள் கனெக்டரைக் கழற்றாதீர்கள். மஞ்சள் நிறம் பொதுவாக ஏர்பேக், பிரீடென்ஷனர் இணைப்புகளுக்கு உரியது. அது வெடிமருந்துக்குப் போகும் வயர். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கன்ட்ரோல் யூனிட்டின் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், நாங்களே கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துதான் தொடுகிறோம்.

ஒருமுறை ஒரு தம்பி கிளிப்போடு வந்தான். மனைவிக்கு ஏழாவது மாதம், பெல்ட் வயிற்றை அழுத்துகிறது, அதனால் கிளிப். அக்கறையில் செய்ததுதான். வீட்டாரையும் கூட்டி வரச் சொல்லி, உட்காரவைத்துக் காட்டினேன். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படிய வேண்டும். மேல்பட்டை இரு மார்புக்கும் நடுவில் இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். தூணில் பெல்ட் உயரத்தை ஏற்றி இறக்க ஒரு பித்தான் இருக்கும், கழுத்தை அறுக்காதபடி அதில் சரிசெய்யலாம். "இப்ப உறுத்தலைண்ணே" என்றார் அந்தப் பெண். உடல் பருமனால் பெல்ட் எட்டவில்லை என்றால், சில வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே நீட்டிப்புப் பட்டை தருகிறார், கேட்டு வாங்குங்கள். மேல்பட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டிக்கொள்வது கிளிப்பைவிட எந்த விதத்திலும் மேலில்லை. இடுப்பு மட்டும் கட்டப்பட்டு மேலுடல் முழுதும் முன்னால் மடியும்.

நிறுத்தலாம், குறைக்கலாம் என்று நானே சொல்லும் சத்தங்களும் இருக்கின்றன. பார்க்கிங் சென்சார் ஒலி, லேன் மாறும்போது வரும் எச்சரிக்கை ஆகியவற்றைப் பல வண்டிகளில் திரையின் செட்டிங்ஸிலேயே குறைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும் வேக வரம்பு உதவி கட்டாயம். அங்கேகூட ஓட்டுநர் அதை அணைக்க அனுமதி இருக்கிறது, அடுத்தமுறை வண்டியை எடுக்கும்போது அது தானாகத் திரும்பி வந்துவிடும். தயாரிப்பாளர் வழி வைத்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தேவையற்ற சத்தம் குறைந்தால் தேவையான சத்தம் காதில் விழும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், அதை யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். விபத்தில் வெடித்துப்போன ஏர்பேக்குக்குப் பதில் ஒரு சின்ன ரெசிஸ்டரை மாட்டி விளக்கை ஏமாற்றிய வண்டிகளையும் நான் திறந்து பார்த்திருக்கிறேன், அவற்றில் விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். ஆகவே விளக்கோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு பெல்ட்டையும் முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள், சடாரென்று இழுத்தால் பிடிக்கிறதா என்று பாருங்கள், பெல்ட் போடாமல் வண்டியைக் கொஞ்சம் நகர்த்திச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால், பணம் கொடுப்பதற்கு முன்னால் பக்கிளையும் மீட்டர் போர்டையும் யாரிடமாவது திறந்து காட்டுங்கள்.