சின்னப் பிஸ்டல் ஏன் அதிகம் சிக்குகிறது?

அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர் தனி அனுமதி வாங்காமலே அதை ஆடைக்குள் மறைத்து எடுத்துப் போகலாம். அப்படி எடுத்துப்போக நினைப்பவர் கடையில் பெரும்பாலும் சின்னதாக ஒன்றைத்தான் தேடுவார். இடுப்பில் துருத்தாது, கனக்காது; நியாயமான ஆசைதான். ஆனால் பிஸ்டலைச் சின்னதாக்கச் சின்னதாக்க, அது சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது. காரணம் பள்ளியில் படித்த நியூட்டன் விதியிலேயே இருக்கிறது.

இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் நூறாண்டுக்கு முன் போட்ட பாதையில்தான் ஓடுகின்றன. மேலே ஸ்லைடு என்ற உலோகப் பகுதி, அதற்குள் குழல். சுட்டதும் இரண்டும் பூட்டிக்கொண்டபடியே சில மில்லிமீட்டர் பின்னால் நகரும். அதற்குள் குண்டு வெளியேறி, குழலில் அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் குழலின் பின்முனை கீழே சாய்ந்து பூட்டு விடுபட, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து ஓடும். போகும்போது சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டைக் கொக்கியால் இழுத்து வெளியே எறியும். ஸ்பிரிங் தள்ளித் திரும்பும்போது மேகசினின், அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியின், மேல் தோட்டாவைக் குழலுக்குள் நுழைக்கும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நியூட்டன் விதிப்படி, குண்டு முன்னே போகும் அதே உந்தத்தோடு ஸ்லைடும் குழலும் பின்னே போகும். 9 மி.மீ. குண்டு ஏழரை கிராம், வேகம் வினாடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடும் குழலும் சேர்ந்து 450 கிராம் என்றால், அவை வினாடிக்குக் கிட்டத்தட்ட 6 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். அதுவே 300 கிராம் என்றால் வேகம் 9 மீட்டரை நெருங்கும். உந்தம் அதேதான், ஆனால் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்கு. ஓடுவதற்கான இடமோ குறைவு. ஆகவே கடினமான ஸ்பிரிங் போட்டாக வேண்டும். ஸ்லைடும் அதே அவசரத்தில் திரும்பி வரும். அதற்குள் மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தூக்கியிருக்க வேண்டும். துளி பிசகினால் தோட்டாவின் மூக்கு எங்காவது முட்டி நிற்கும். இல்லையென்றால் வெளியேறாத காலிக் கூடு ஸ்லைடின் வாயில் புகைபோக்கிபோல நட்டமாக மாட்டிக்கொள்ளும்.

சுடுபவரின் மணிக்கட்டும் இந்த இயந்திரத்தில் ஓர் உறுப்பு. ஸ்லைடு முழுத் தூரம் ஓட, கீழ்ப்பாகம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பிடி தளர்ந்தால் துப்பாக்கி மொத்தமும் சேர்ந்து பின்னே போய்விடும். இலேசான பிளாஸ்டிக் சட்டகம் கொண்ட குட்டிப் பிஸ்டல்களில் இது எளிதில் நடக்கும். ஒருவர் கையில் ஒழுங்காக ஓடுவது இன்னொருவர் கையில் மக்கர் பண்ணுவது இதனால்தான்.

ரிவால்வர்க்காரர்கள் சிரிக்கும் இடம் இது. 1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த ஐந்து தோட்டாக் குட்டி ரிவால்வரின் வாரிசுகள் இன்றும் விற்கின்றன. ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் உருளையைச் சுழற்றுவது விரலின் பலம். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் ட்ரிகரை மறுபடி இழுத்தால் போதும். அதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. மிக இலேசான ரிவால்வரில் பின்னுதைப்பு கடுமை. அந்தக் குலுக்கலில் மீதித் தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து மெல்ல முன்னே நழுவி, உருளையையே சுழலவிடாமல் தடுக்கலாம். அப்படிச் சிக்கினால் சட்டென்று எடுத்துவிட முடியாது.

சரி, வாங்கியது நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 200 தோட்டா சிக்காமல் சுட்டால் போதும் என்பது அங்கே பலர் சொல்லும் கணக்கு. புள்ளியியல் இதைவிடக் கறார். ஒரு தவறும் வராத சோதனையில், 3-ஐச் சோதனை எண்ணிக்கையால் வகுத்தால் வருவதைவிடத் தவறு விகிதம் அதிகமில்லை என்றுதான் 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். 200-க்கு அது 1.5 விழுக்காடு. அதாவது 67 தோட்டாவுக்கு ஒருமுறை சிக்கும் துப்பாக்கிகூடத் தேறிவிடக்கூடும். 1911-ல் அமெரிக்க ராணுவச் சோதனையில் பிரவுனிங்கின் பிஸ்டல் 6,000 தோட்டாவைச் சிக்காமல் சுட்டது. அந்தக் கணக்கில் 2,000-க்கு ஒன்று. குட்டிப் பிஸ்டலில் அத்தனை சுட மணிக்கட்டும் தாங்காது, பையும் தாங்காது. எனக்குக் கேட்டால், ஒரு சைஸ் பெரியதை எடுத்து, கொஞ்சம் தொளதொளப்பான சட்டை போட்டுக்கொள்வது மேல்.

எதைச் சுட்டுச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். பயிற்சிக்கு வாங்கும் மலிவான தோட்டாவின் மூக்கு உருண்டை. வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போகும். தற்காப்புத் தோட்டாவின் நுனியில் குழி உண்டு; அந்த அகன்ற விளிம்பு, குழலுக்கு ஏறும் சரிவில் இடறலாம். அதனால் இடுப்பில் எது இருக்கப்போகிறதோ அதையும் சுட்டுப் பார்க்க வேண்டும், விலை கூடுதல் என்றாலும். மேகசின்களில் 1, 2 என்று எண் எழுதி வைப்பதும் நல்லது. திரும்பத் திரும்ப ஒரே எண்ணில் சிக்கினால், தூக்கிப்போட வேண்டியது அந்த மேகசினை மட்டுமே.