கிளம்பும் முன் ஏன் அந்தச் சண்டை?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் என்றொரு துறைமுக நகரம். உலகின் மிகப் பெரிய கடற்படைத் தளம் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து ஒரு விமானந்தாங்கிக் கப்பல் கிளம்பினால் ஏறக்குறைய 5,000 பேர் அதோடு போகிறார்கள். திரும்பி வர ஆறேழு மாதமாவது ஆகும். இப்படிக் கிளம்புகிறவர்களின் வீடுகளில் கடைசி வாரம் பெரும்பாலும் ஒரு சண்டை நடக்கும். காரணம் அற்பமாக இருக்கும்: காருக்கு ஆயில் மாற்றவில்லை, ஏதோ ஒரு பில் கட்டவில்லை. பிரியப்போகிற நேரத்தில் இதற்கெல்லாமா சண்டை?

1987-ல் கேத்லீன் வெஸ்டல் லோகன் என்பவர் அமெரிக்கக் கடற்படை சார்ந்த ஒரு இதழில் இதைப் பற்றி எழுதினார். ஒரு பிரிவுக்கு முன்னும் பின்னும் மனம் ஏழு கட்டங்களைக் கடக்கிறது என்றார். அவர் கவனித்தது முக்கியமாகக் கடற்படையினரின் மனைவிமாரை. ஆனாலும் முதல் இரண்டு கட்டங்கள் கிளம்புகிறவருக்கும் அப்படியே பொருந்தும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே இழப்பை எதிர்பார்த்து மனம் பதறத் தொடங்கும். கடைசி நாட்களிலோ விலகல் வந்துவிடும். ஆள் பக்கத்தில்தான் இருப்பார், பேச்சு ஒட்டாது. 'போறதுன்னா சீக்கிரம் போய்த் தொலையேன்' என்றுகூடத் தோன்றும். கோபமாக இருப்பவரைப் பிரிவது, பாசமாக இருப்பவரைப் பிரிவதைவிடச் சுலபம். சண்டை அந்த வேலையைத்தான் செய்கிறது என்பது என் கணிப்பு.

பதற்றம் ஏன் இத்தனை வாரம் முன்பே வருகிறது? 2016-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரை ஒரு கணினி விளையாட்டு ஆடவைத்தார்கள். திரையில் வரும் பாறைக்கு அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு மின்அதிர்ச்சி. வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்து பார்த்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்றபோது பதற்றம் உச்சத்துக்குப் போகவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான் போனது. கப்பல் வாழ்க்கை முழுக்க இந்தச் சரிபாதிதான். ஐசன்ஹோவர் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 2023 அக்டோபரில் நார்ஃபோக்கை விட்டுக் கிளம்பியது. பயணம் இரண்டு முறை நீட்டிக்கப்பட்டு, 2024 ஜூலையில்தான் திரும்பியது. ஆறேழு மாதம் என்று சொல்லி அனுப்பினாலும், வீட்டில் யாரும் நாட்காட்டியை முழுசாக நம்புவதில்லை.

நிச்சயமில்லாத ஆபத்தை உணர்ந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எஃப். என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது. அது மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறுகிறது. கூடவே நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் பிடி தளர்கிறது. வாயில் வந்த வார்த்தையை நிறுத்திவைப்பது அந்தப் பகுதியின் பொறுப்பு. பாக்கியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் வோல் என்ற சிறு எலியைப் பற்றியது. ஒரே துணையோடு வாழும் விலங்கு அது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆண் வோல்களைத் துணையிடமிருந்து சில நாட்கள் பிரித்துவைத்தார்கள். அவற்றைத் தண்ணீரில் விட்டால் நீந்திப் போராடாமல் சும்மா மிதந்தன. சி.ஆர்.எஃப். வேலை செய்யும் இடங்களை மருந்தால் அடைத்தபோது அந்தச் சோர்வு வரவில்லை. இன்னொன்றையும் கண்டார்கள். ஜோடி சேர்ந்த வோல்களின் மூளையில், பிரிக்காமல் வைத்திருந்தபோதும் சி.ஆர்.எஃப். தயாரிப்பு கூடியே இருந்தது. அதாவது பிணைப்பு உண்டாகும்போதே பிரிவின் வலிக்கான ஏற்பாடும் ஆகிவிடுகிறது. மனிதர் எலியில்லை, சரி. ஆனால் இந்தச் சுரப்பி அமைப்பு நமக்கும் உண்டு.

அப்புறம் கிளம்பும் நாள். மாலுமிகள் சீருடையில் மேல்தளத்தின் விளிம்பில் வரிசையாக, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி நிற்கிறார்கள். கரையில் பிள்ளை கையசைத்தாலும் பதிலுக்கு அசைக்க முடியாது. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கினால் என்ன ஆகும் என்று உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1993-ல் சோதித்தார்கள். முகம் அமைதியானது. உள்ளே இருந்த உணர்ச்சி குறையவில்லை. உடலின் கிளர்ச்சி சில அளவுகளில் கூடவே செய்தது. 2003-ல் வந்த இன்னொரு ஆய்வில், உணர்ச்சியை அடக்கியவரோடு பேசிக்கொண்டிருந்தவரின் ரத்த அழுத்தமும் ஏறியது. கல்லாக நிற்பவருக்கு எதுவும் தோன்றவில்லை என்று எடுத்துக்கொள்வது தப்புக் கணக்கு.

சொல்லத் தயங்கும் ஒன்றும் இருக்கிறது. பலருக்குக் கிளம்பும்போது உற்சாகம்! மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தது இதற்குத்தானே. இந்த உற்சாகமும் துக்கமும் ஒரே நேரத்தில் வரும். அதனால் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். ஒன்று பொய், ஒன்று மெய் என்று பிரிக்க வேண்டியதில்லை. இரண்டிலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கிறது.

லோகன் எழுதிய காலத்தில் வீட்டோடு தொடர்பு பெரும்பாலும் கடிதம்தான். அதனால் விலகலும் ஒருவழியாக நிலைத்துவிடும். இப்போது கடல் நடுவிலிருந்தும் மெசேஜ் வருகிறது, குழாய் ஒழுகுகிற செய்தி உட்பட. ஆபத்தான கட்டம் வந்தால் கப்பலில் இணையத்தையும் தொலைபேசியையும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த மணி நேரங்களில் அவர்களும் பாறைக்கு அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்.