மரப்பெரணியின் பெயர் காம்படியில் இருக்கிறது

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் எடுத்த மரப்பெரணிப் (மரம்போல் தண்டு உயர்ந்து வளரும் பெரணி, tree fern) படங்களை அனுப்பி, "இது என்ன இனம்?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் கீழிருந்து எடுத்த, குடைபோல் விரிந்த தலையின் படம்தான் வருகிறது. அதை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது. எல்லா இனங்களும் அந்தக் கோணத்தில் ஒன்றுபோலவே தெரியும்.

முதலில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடமான காம்படியைப் பாருங்கள். காம்பு கறுத்துப் பளபளத்து, முள்ளின்றி இருந்தால் சயாத்தியா ஜைகான்டியா என்ற இனமாக இருக்கலாம். வெளிர்நிறச் செதில்கள் மயிர்போல் அடர்ந்து மூடியிருந்தால் சயாத்தியா கிரினிட்டாவை நினைக்கலாம். தென்னிந்திய உயர்மலைகளிலும் இலங்கையின் மலைக்காடுகளிலும் வாழும் இனம் அது. புதிய நூல்களில் இவற்றை வேறு பேரினப் பெயர்களில் தேட வேண்டியிருக்கும்.

அடுத்து, முதிர்ந்த இலையின் அடிப்பக்கம். அங்குள்ள வித்துக்கொத்துகளின் (விதைக்குப் பதில் பெரணி உண்டாக்கும் தூள்போன்ற ஸ்போர்களின் கொத்துகள்) மேல் மெல்லிய சவ்வு மூடியிருக்கிறதா என்று கைலென்ஸால் பாருங்கள். ஜைகான்டியாவில் அந்தச் சவ்வு கிடையாது. முதிர்ந்த கொத்தில் சவ்வு கிழிந்து உதிர்ந்திருக்கக்கூடும் என்பதால் இளங்கொத்தையும் பார்ப்பது அவசியம். காம்படி, செதில், இலையின் அடிப்புறம், முழுச் செடி என்று நான்கு படங்கள் இருந்தால் பெயரை நெருங்கிவிடலாம். இலையைப் பறிக்கத் தேவையே இல்லை.

தேட வேண்டிய இடம் ஓடைக்கரையும், மண் சரிந்து ஈரம் ஊறும் சரிவும். வித்து முளைத்து உருவாகும் சிறு பச்சைத் தகட்டில் ஆண் அணுக்கள் நீந்திச் சென்றுதான் கருவுற வேண்டும். அதற்கு நீர்ப்படலம் வேண்டும். அதனால்தான் இளங்கன்றுகள் ஈரமான வெற்று மண்ணில் தென்படுகின்றன. சாலையோரச் சரிவுகளைச் சீவும்போது முதலில் அழிவதும் அவைதான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மரப்பெரணித் தண்டில் மெய்யான மரக்கட்டை இல்லை. அதைத் தடிக்கச் செய்வது பின்னிப் படர்ந்த வேர்கள். அந்த வேர்த்திரளில் ஆர்க்கிடுகளும் சவ்வுப்பெரணிகளும் பாசிகளும் குடியிருக்கின்றன. அந்த வேர்த்திரளையே தண்டோடு ஆர்க்கிட் தொட்டிக்காக வெட்டி விற்கிறார்கள். கிளைக்காத தண்டின் ஒற்றை வளர்நுனி போனால் பெரும்பாலும் செடியே செத்துவிடும். சயாத்தியா இனங்களின் பன்னாட்டு வணிகம், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது.

பதிவிடும்போது மலைத்தொடரின் பெயரும் உயரமும் போதும். துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவில் போடாதீர்கள். ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்குப் பெரணித் தண்டுக்குப் பதிலாகத் தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் நன்றாகவே உதவும்.